பணி அனுபவம் உள்ள ஒருவரின் வழிகாட்டுதலைப் பெறுவது எப்படி? பல்கலைக்கழக மாணவர்களுக்கான செய்முறை விளக்கம்

தாம் செல்ல விரும்பும் துறையில் ஏற்கெனவே பணியாற்றும் ஒருவரிடமிருந்து மாணவர் ஒருவர் தொடர்ந்து ஆலோசனை பெறுவதற்கான வழியை இங்கே படிப்படியாகப் பார்ப்போம். முன்பின் அறியாத ஒருவருக்கு “எனக்கு வழிகாட்டியாக இருப்பீர்களா?” என்று எழுதிவிட்டுப் பலரும் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். எத்தனை மாதம், எவ்வளவு நேரம், எதைப் பற்றி என்று எதுவுமே தெரியாத பொறுப்பை ஏற்க எவரும் தயங்குவார். அதனால் உறவைக் கேட்காமல், ஒரு சிறிய பதிலைக் கேட்டுத் தொடங்குவதே நல்லது.

படி 1: கேள்வியை எழுதிப் பாருங்கள்

“என் எதிர்காலத்துக்கு எது நல்லது?” என்பதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. நீங்கள் உண்மையிலேயே முடிவெடுக்க வேண்டிய ஒன்றை, இரண்டு வழிகளுக்கு இடையிலான தேர்வாக, ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் படித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். இணையத்தில் எளிதில் கிடைக்கும் விவரத்தை அனுபவசாலியிடம் கேட்பது அவருடைய நேரத்தை வீணாக்குவதாகும்.

படி 2: ஆளைத் தேர்ந்தெடுங்கள்

நெருங்கிய உறவினரிடமும் நண்பர்களிடமும் மட்டும் தேடாதீர்கள். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களைப் பற்றி அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வேலைக்கு உதவியவரை அடிக்கடி சந்தித்துவந்தவர்கள் அவர்களில் ஏறத்தாழ 17 சதவீதத்தினர் மட்டுமே. மற்றவர்கள் எப்போதாவதோ அரிதாகவோ சந்தித்தவர்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். எனவே உங்கள் துறையின் முன்னாள் மாணவர்கள், சிறப்புரையாற்ற வந்தவர்கள், ஆசிரியர்களுக்குப் பழக்கமானவர்கள் ஆகியோரைப் பட்டியலிடுங்கள்.

பெரிய பதவியில் இருப்பவரே சிறந்த வழிகாட்டி என்று எண்ண வேண்டாம். இன்றைய நேர்காணல்களில் என்ன கேட்கிறார்கள் என்பது நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் வேலையில் சேர்ந்தவருக்கே நன்றாகத் தெரியும்; ஒரு துறை எந்தத் திசையில் போகிறது என்பதை அறிய வேண்டுமானால் மூத்தவரை அணுகலாம்.

படி 3: செய்தி அனுப்புங்கள்

மின்னஞ்சலோ லிங்க்ட்இன்னோ, எதுவானாலும் செய்தி கைப்பேசித் திரையில் ஒரே பார்வையில் படித்து முடிக்கும் அளவுக்குச் சுருக்கமாக இருக்கட்டும். ஓர் எடுத்துக்காட்டு (இதில் வரும் எஸ்ஏஎஸ், ஆர் இரண்டும் தரவுப் பகுப்பாய்வுக்குப் பயன்படும் மென்பொருள்கள்):

“வணக்கம் அம்மா. நான் புள்ளியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. மருந்துப் பரிசோதனைத் தரவுகளைப் பகுப்பாய்வு செய்யும் பணிக்குச் செல்ல விரும்புகிறேன். வரும் விடுமுறையில் எஸ்ஏஎஸ் கற்பதா, ஏற்கெனவே ஓரளவு தெரிந்த ஆர் மொழியிலேயே ஒரு செயல்திட்டம் செய்வதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. புதிதாகச் சேர்பவர்களிடம் உங்கள் குழுவில் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று ஓரிரு வரிகளில் சொன்னால் பேருதவியாக இருக்கும்.”

இதில் புகழ்ச்சியும் இல்லை, வாழ்க்கை வரலாறும் இல்லை, கேட்காமலே இணைக்கப்பட்ட சுயவிவரமும் இல்லை. பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

படி 4: முதல் உரையாடல்

பதில் வந்தபின், பேசுவதற்கு அரை மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று கேளுங்கள். நேரம் முடிந்ததும் நீங்களே நினைவுபடுத்தி விடைபெறுங்கள். “உங்கள் வேலை எப்படி இருக்கிறது?” என்பதைவிட, “கடந்த வாரத்தில் உங்கள் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது எது?” என்று கேட்டால் அந்த வேலையின் உண்மையான முகம் தெரியும். அவருடைய சம்பளத்தைக் கேட்காதீர்கள். தொடக்கநிலைப் பணிக்குப் பொதுவாக என்ன தருகிறார்கள் என்று கேட்பதில் தவறில்லை. வேலை வாங்கித் தருமாறு கேட்கும் இடம் இதுவல்ல.

படி 5: செய்ததைச் சொல்லுங்கள்

வழிகாட்டும் உறவு உண்மையில் இங்கேதான் பிறக்கிறது. மாணவர்கள் பெரும்பாலும் கைவிடுவதும் இதையேதான். பேசிய அன்றோ மறுநாளோ ஒரு நன்றிக் குறிப்பு அனுப்புவது மரியாதை மட்டுமே. நான்கு வாரம் கழித்து, “நீங்கள் சொன்னபடி பொதுவெளியில் கிடைக்கும் ஒரு தரவுத் தொகுப்பை எடுத்து அறிக்கை தயாரித்தேன், விடுபட்ட தரவுகளைக் கையாளும் இடத்தில் சிக்கிக்கொண்டேன், அதை இப்படித் தீர்த்தேன்” என்று எழுதிப் பாருங்கள். தம் சொல் வீணாகவில்லை என்று அறிந்தவர் அடுத்த கேள்விக்கு விருப்பத்தோடு நேரம் ஒதுக்குவார். அவருடைய ஆலோசனையைப் பின்பற்றவில்லை என்றாலும் காரணத்தோடு சொல்லிவிடுங்கள். மறைப்பதுதான் சங்கடத்தை உண்டாக்கும்.

இப்படி இரண்டு மூன்று முறை தொடர்பு நிகழ்ந்த பிறகு, “இந்தப் பருவம் முடியும்வரை மாதம் ஒருமுறை பேசலாமா?” என்று கேளுங்கள். கால வரம்பு இருப்பதால் அவர் தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம்; ஒத்துவராவிட்டால் பருவத்தின் முடிவில் இருவரும் மனக்கசப்பின்றி விலகிக்கொள்ளலாம். பரிந்துரை கேட்பதானால், உங்கள் வேலையை அவர் நேரில் பார்த்த பிறகு, விண்ணப்பிக்கும் பணியின் அறிவிப்பையும் சுயவிவரத்தையும் சேர்த்து அனுப்பி, மறுப்பதற்கும் இடம் கொடுத்துக் கேளுங்கள்.