ஆஃப் செய்தும் கசிகிற சிக்னல்

போன மாதம் ஒரு பையன் தான் கட்டிய இரண்டு மீட்டர் (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ஹாம் ரேடியோ போர்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, டிரான்ஸ்மிட்ல ரிசீவர் பக்கம் ஆஃப்லதான் இருக்கு. ஆனாலும் டிரான்சிஸ்டர் மறுபடி போயிடுச்சு." போர்டைத் திருப்பிப் பார்த்ததும் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. 15 வருடத்துக்கு முன் நான் செய்து வைத்த அதே வேலை. போலாரிட்டி மாறுவது, சால்டர் சரியாகப் பிடிக்காதது எல்லாம் போர்டே சொல்லிக்கொடுத்துவிடும். அதை இங்கே எழுதப்போவதில்லை. ஆன்டெனாவை டிரான்ஸ்மிட்டருக்கும் ரிசீவருக்கும் மாற்றிவிடும் ஸ்விட்சில் செய்கிற தவறுகள் மட்டும்.

மல்டிமீட்டரை நம்புவது

ஆன்டெனாவுக்கும் ரிசீவரின் முதல் டிரான்சிஸ்டருக்கும் நடுவே சீரிஸில் ஒரே ஒரு 4148 டயோடு. டிரான்ஸ்மிட் அழுத்தினால் அதன் பயாஸ் (டயோடை ஆனில் வைத்திருக்கும் டிசி) நின்றுவிடும், அவ்வளவுதான் ஸ்விட்ச். "ஓம்ஸ் வச்சுப் பார்த்தேன், ஓ.எல். காட்டுச்சு" என்றான், அதாவது பாதையே இல்லை என்று. காட்டும். மல்டிமீட்டர் பார்ப்பது டிசியை, ரேடியோ சிக்னலை அல்ல.

பயாஸ் இல்லாத 4148-க்கு 4 பிகோஃபேரட் வரை கெபாசிட்டன்ஸ் உண்டு, அது வழியாக ரேடியோ சிக்னல் போகும். 145 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 275 ஓம். 50 ஓம் லைனில் இதை வைத்துத் தடுத்தால் கிடைப்பது 9 டெசிபெல்தான். 5 வாட் அனுப்பினால் அரை வாட்டுக்கு மேல் உள்ளே போகிறது, மைக்ரோவோல்ட்டைக் கேட்க வைத்திருக்கும் டிரான்சிஸ்டருக்கு! இதுவும் தாராளமான கணக்கு. 50 ஓமில் 5 வாட் என்றால் உச்சத்தில் 22 வோல்ட். ரிவர்ஸ் பயாஸ் (டயோடை அடைத்து வைக்கும் எதிர்த்திசை வோல்ட்டேஜ்) இல்லாத டயோடை அந்த சிக்னலே ஆன் செய்துவிடும்.

நான் இப்படி எரித்தது மூன்று பிஎஃப்981. உற்பத்தி நின்றுபோன மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர், சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது. முதல் இரண்டும் போனபோது டூப்ளிகேட் கொடுத்துவிட்டார் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டேன். மூன்றாவது போன பிறகுதான் டயோடு மேல் சந்தேகமே வந்தது. அவரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

சீரிஸில் ஒன்று போதாது, கிரவுண்டுக்கு இன்னொன்று வேண்டும். சீரிஸ் டயோடை ரிவர்ஸ் பயாஸில் அடைக்கும்போதே, அதற்கு அடுத்து ஒரு பிஐஎன் டயோடு (டிசி ஓட்டினால் ரேடியோ சிக்னலுக்குத் தடை குறையும் வகை) மீதிக் கசிவைக் கிரவுண்டுக்கு இறக்க வேண்டும். 10 மில்லிஆம்பியர் ஓட்டினால் அது 1 ஓம் அளவுக்கு வந்துவிடும். அந்த 9 டெசிபெல் 43 ஆகும்.

இதைச் சொல்லித்தான் பையனை அனுப்பினேன். அடுத்த வாரம் வந்தான், கசிவு இன்னும் இருக்கிறது என்று. கிரவுண்டுக்குப் போகும் டயோடின் காலை வெட்டாமல், ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு அழகாக வளைத்து வைத்திருந்தான். அந்தக் கம்பியே ஏறக்குறைய 10 நானோஹென்றி, 145-இல் 9 ஓம். 43 டெசிபெல் 24-க்கு விழுந்துவிடும். காலை ஒட்ட நறுக்கி, கிரவுண்ட் பிளேனிலேயே சால்டர் வைத்துக் கொடுத்தேன்.

பெரிய சோக் போடுவது

பயாஸ் கொடுக்க 100 மைக்ரோஹென்றி சோக் (டிசியை விட்டு சிக்னலைத் தடுக்கும் சுருள்) போடுகிறார்கள், பெரிதாக இருந்தால் நல்லது என்று. 145 மெகாஹெர்ட்ஸில் அது சோக்கே அல்ல. சுற்றுகளுக்கு இடையிலான கெபாசிட்டன்ஸ் வழியாக சிக்னல் பயாஸ் லைனுக்குப் போய்விடும். 1 மைக்ரோஹென்றியே 900 ஓம். போதும்.

4066 ஐசி

இந்த ஸ்விட்ச் ஐசி ஆடியோவுக்கு.

ரிலே மாறுவதற்குள் பவர் கொடுப்பது

டயோடு வேண்டாம், ரிலேயே வைக்கிறேன் என்பவர்களுக்கு: சின்ன ரிலே இடம் மாறி, காண்டாக்ட் துள்ளி நிற்கவே 5 முதல் 10 மில்லிசெகண்ட் ஆகும். முதலில் ரிலே, 20 மில்லிசெகண்ட் கழித்து பவர். நிறுத்தும்போது முதலில் பவர், அப்புறம் ரிலே.