வீட்டு சர்வருக்கு எத்தனை ஹார்ட் டிஸ்க்? வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

காட்பாடியில் கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கும் என் சித்தப்பா புதிதாக ஒரு ஹார்ட் டிஸ்க்கை மாட்டிவிட்டு எனக்கு போன் செய்தார். "பெட்டியில 8 டெராபைட்னு போட்டிருக்கு, கம்ப்யூட்டர்ல 7.27னு காட்டுது. ஏமாத்திட்டாங்களாடா?"

யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர்களுக்கு ஒரு டெராபைட் என்றால் லட்சம் கோடி பைட். விண்டோஸ் 1024 மடங்குகளாக எண்ணுவதால் அதன் டெராபைட் கொஞ்சம் பெரியது. பெட்டியில் உள்ள எண்ணை 0.91-ஆல் பெருக்கினால் திரையில் வருவது கிடைக்கும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, அவர் வீட்டு சர்வருக்கு (எல்லா ஃபைல்களையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் கம்ப்யூட்டர்) போட்டுக் கொடுத்த கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன்.

படி 1: என்ன வைக்கப் போகிறீர்கள்?

டிஸ்க் விலையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். சித்தப்பாவுக்கு ஒரு கல்யாணம் சுமார் 150 ஜிபி. வருஷத்துக்கு 20 முகூர்த்தம் என்றால் 3 டெராபைட். மூன்று வருஷம் வைத்திருக்க 9. வீட்டுப் படங்களுக்கு 1. ஆக 10.

படி 2: காலி இடம்

சம்ப்பில் ஃபுட் வால்வுக்குக் கீழே நிற்கும் தண்ணீரை மோட்டார் இழுக்காது. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் வேலூர்க்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். டிஸ்க்கும் அப்படித்தான், முழுக்க நிரப்பக் கூடாது. இடம் குறையக் குறைய புது ஃபைல்கள் துண்டு துண்டாக எழுதப்படும், வேகம் விழும். 80 சதவீதத்தோடு நிறுத்துவது நல்லது. 10-ஐ 0.8-ஆல் வகுத்தால் 12.5. அதை 0.91-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 13.7. கடையில் கேட்க வேண்டிய கணக்கு இதுதான்.

படி 3: பாதுகாப்புக்கு எவ்வளவு விட வேண்டும்?

இங்கேதான் நிதானம் வேண்டும். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறைக்கு ரெய்டு (RAID) என்று பெயர், அதில் பல வகை உண்டு. ரெய்டு 1-இல் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தகவல் இருக்கும், அதனால் பாதி இடம் போகும். ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் அளவு போகும், ஒன்று பழுதானாலும் தகவல் நிற்கும். ரெய்டு 6-இல் இரண்டு டிஸ்க் அளவு போகும், எந்த இரண்டு பழுதானாலும் நிற்கும்.

4 டெராபைட் டிஸ்க் நான்கை ரெய்டு 5-இல் போட்டால் 12 தான், நமக்குப் போதாது. 8 டெராபைட் மூன்று போட்டால் 16 கிடைக்கும். கணக்கு சரிதான், ஆனாலும் நான் வேண்டாம் என்றேன். ஒரு டிஸ்க் போய் புதியதை மாட்டினால், நொடிக்கு 150 எம்பி வேகத்தில் எழுதினாலும் 8 டெராபைட்டை நிரப்ப 15 மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் மற்ற டிஸ்க்குகள் இடைவிடாமல் ஓட வேண்டும். கத்திரி வெயிலில், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில், அந்த நேரத்தில் இன்னொன்றும் போனால் மூன்று வருஷக் கல்யாணமும் போய்விடும். திரும்ப எடுக்க முடியாத படங்கள் அவை. அதனால் நான்கு 8 டெராபைட், ரெய்டு 6. பயன்படும் இடம் அதே 16, திரையில் 14.5.

அளவு மாறினால் சிறியதுதான் கணக்கு. 8, 8, 4 என்று மூன்றை ரெய்டு 5-இல் சேர்த்தால் மூன்றும் 4 ஆகிவிடும், கிடைப்பது 8 தான்.

படி 4: வாங்கும்போது

சிஎம்ஆர் (CMR, தகவலைத் தனித்தனி வரிசைகளாக எழுதும்) வகையா என்று பார்த்து வாங்குங்கள். எஸ்எம்ஆர் (SMR, வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி எழுதும்) வகை, ரீபில்ட் சமயத்தில், அதாவது புதிதாக மாட்டிய டிஸ்க்கில் தகவலைத் திரும்ப நிரப்பும்போது, மிக மெதுவாகிவிடும். கரண்ட் திடீரென்று போனால் பாதி எழுதிய தகவல் கெடலாம், யூபிஎஸ் அவசியம். சர்வரைக் கீழ்த்தளத்தில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஏற்கெனவே இருக்கும் டிஸ்க்கைச் சேர்ப்பதாக இருந்தால் அதில் உள்ளதை முதலில் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள், ரெய்டு அமைக்கும்போது எல்லாம் அழிந்துவிடும்.

படி 5: பேக்கப்

ரெய்டு பேக்கப் ஆகாது. தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும். 10 டெராபைட்டுக்கு இன்னும் இரண்டு 8 டெராபைட் டிஸ்க் வேண்டும், அவை வேறு வீட்டில் இருக்க வேண்டும். சித்தப்பா குடியாத்தத்தில் அத்தை வீட்டு பீரோவில் வைக்கிறார், மாசம் ஒரு முறை கொண்டு வந்து புதியதை ஏற்றுகிறார். அப்புறம், பட்ஜெட் போடும்போது நான்கு டிஸ்க் என்று போடாதீர்கள். ஆறு என்று போடுங்கள்.