கண்ணகி வேடத்துக்கு நடிகை தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூப்பர் ஹீரோயின் படம் ஒன்று நன்றாக ஓடினால் போதும், "நம்ம கண்ணகியை இப்படி எடுத்தால் யார் நடிக்கலாம்?" என்ற பேச்சு கிளம்பிவிடும். 2025இல் கேரள நாட்டுப்புறக் கதைகளில் வரும் யட்சியான கள்ளியங்காட்டு நீலியின் கதையை வைத்து மலையாளத்தில் ‘லோகா’ வந்தபிறகு, சிங்கப்பூர் தேக்காவில் டீ குடிக்கும் கூட்டம் முதல் குடும்ப வாட்ஸ்அப் குழு வரை ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எனக்கு மிகப் பிடித்த பேச்சு இது. ஆனால் சொல்லப்படும் பெயர்களில் பாதிக்கு மேல் கண்ணகியை யோசிக்காமல் வந்தவை.

முதல் தவறு, நடிகையிலிருந்து தொடங்குவது. "அவங்க தேசிய விருது வாங்கினவங்க, எதையும் செய்வாங்க" என்பார்கள். விருது என்பது ஒரு படத்தில் ஒரு பாத்திரத்தைச் செய்ததற்குக் கிடைப்பது. எந்தப் பாத்திரத்துக்கு, அதில் என்ன செய்தார் என்று பார்க்காமல் விருதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் பயனில்லை.

அடுத்தது, கோபத்தை மட்டும் பார்ப்பது. எல்லாரும் தேடுவது மதுரையை எரிக்கும் முகத்தை. கண்ணை உருட்டி வசனம் பேசிய ஒரு காட்சியை அனுப்பி, "இதோ கண்ணகி" என்கிறார்கள். சிலப்பதிகாரத்தைத் திறந்து பாருங்கள், கதையின் பெரும்பகுதியில் கண்ணகி பேசுவதே இல்லை. மாதவியைப் பிரிந்து கோவலன் வீடு திரும்பும் இடம் ஒன்று உண்டு. தொலைத்த செல்வத்தை நினைத்து நாணுகிறேன் என்கிறான். மாதவிக்குக் கொடுக்கக் கையில் பணமில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு, கண்ணகி சிரித்த முகத்தோடு சொல்வது இவ்வளவுதான்: சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிரிப்பில் அன்பு எவ்வளவு, காயம் எவ்வளவு என்று பார்ப்பவருக்குப் புரியவைக்கத் தெரிந்தவர்தான் கண்ணகி. இந்தக் காட்சி சரியாக வராவிட்டால், பாண்டியன் அவையில் என்ன கத்தினாலும் எடுபடாது.

அதனால் ஒரு நடிகையை எடைபோட, அவர் பேசும் காட்சியை விட்டுவிட்டு, எதிரில் இருப்பவர் பேசும்போது அவர் முகம் என்ன செய்கிறது என்று பாருங்கள். என் தேர்வு சாய் பல்லவி என்று சொல்வதற்குக் காரணமும் அதுவே. ‘கார்கி’யில் தந்தையின் வழக்குக்காக அலையும் ஆசிரியையாக அவர் வாய் திறக்காமல் நிற்கும் இடங்கள்தான் படத்தைத் தாங்குகின்றன. அவர் ஆடும் பாட்டுகளை வைத்து அவரைச் சொல்பவர்கள் சரியான ஆளைத் தவறான காரணத்துக்காகச் சொல்கிறார்கள்.

அப்புறம் குரல். இதை யாருமே யோசிப்பதில்லை. நாம் ரசித்த குரல் நடிகையுடையதுதானா? ‘மணிச்சித்திரத்தாழ்’ என்ற மலையாளப் படத்துக்காக ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அதில் நாகவல்லியாகத் தமிழில் சீறும் குரல் துர்கா என்ற டப்பிங் கலைஞருடையது. ஷோபனாவின் நடிப்பு அதனால் ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் கண்ணகிக்கு அது போதாது, ஏனென்றால் அவள் அரசனை வெல்வது பேச்சால். தாய்மொழி தமிழாக இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. 1942இல் வந்த ‘கண்ணகி’ படத்தில் நடித்த கண்ணாம்பாவின் தாய்மொழி தெலுங்கு. அவர் பேசிய தமிழைக் கேட்கவே மக்கள் தியேட்டருக்குப் போனார்கள்.

உடையிலும் பலர் சறுக்குகிறார்கள். வொண்டர் வுமன் போலக் கவசம் மாட்டி, கையில் வாள் கொடுத்து, தலை முதல் கால் வரை நகை போட்டுப் படம் செய்கிறார்கள். அரசவைக்குள் அவள் எப்படி வந்தாள் என்று காப்பியமே சொல்கிறது: உடம்பெல்லாம் புழுதி, விரிந்த கூந்தல், கண்ணீர், கையில் ஒற்றைச் சிலம்பு. அந்தச் சிலம்புதான் ஆயுதம். உடைத்தால் மாணிக்கம் தெறிக்கும், அரசியின் சிலம்பில் இருப்பதோ முத்து. அவள் சக்திக்கும் விதி இருக்கிறது. அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள் இவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் மட்டும் போ என்று தீக்குக் கட்டளையிடுகிறாள். இவ்வளவு தெளிவாக எல்லை வகுத்த சக்தி வேறெந்த சூப்பர் ஹீரோயினுக்கு உண்டு?

வயதையும் மறக்க வேண்டாம், மணமாகும்போது அவளுக்கு வயது 12தான். பழைய படங்களை வைத்து ஒருவரை ஒதுக்குவதும் வேண்டாம். 2011இல் வந்த ‘ஸ்ரீ ராம ராஜ்யம்’ தெலுங்குப் படத்தில் நயன்தாரா சீதையாக நடிக்கிறார் என்றதும் முகம் சுளித்தவர்கள் உண்டு, அந்த வேடம் அவருக்கு ஆந்திர அரசின் நந்தி விருது வாங்கித் தந்தது.

சிங்கப்பூரில் இருக்கும் நாம் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். தீபாவளிக்கு முன் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் தீமிதி பார்த்தவர்களுக்குத் தெரியும், திரௌபதி அங்கே கதாபாத்திரம் இல்லை, அம்மன். கண்ணகியும் அப்படித்தான். இலங்கையின் மட்டக்களப்புப் பக்கத்தில் வேர் உள்ள குடும்பங்களுக்கு அவள் வைகாசியில் சடங்கு எடுக்கும் தெய்வம். சிங்களவர்களும் பத்தினி தெய்யோ என்று கும்பிடுகிறார்கள். ஏஐ கொண்டு போஸ்டர் செய்பவர்கள், அவள் முலையைத் திருகி எறியும் காட்சியை ஒரு நடிகையின் முகத்தை ஒட்டி அரைகுறை ஆடையில் செய்வது அந்தத் தெய்வத்துக்கும் அவமரியாதை, உயிரோடு இருக்கும் அந்தப் பெண்ணுக்கும் அவமரியாதை. தயவுசெய்து செய்யாதீர்கள். நல்ல போஸ்டராக இருந்தாலும் ‘ரசிகர் கற்பனை’ என்று படத்தின் மேலேயே பெரிதாக எழுதுங்கள். கீழே எழுதினால் யாராவது வெட்டிவிட்டு அனுப்புவார்கள், மறுநாள் உங்கள் பெரியம்மாவே "படம் எப்போ வருது?" என்று கேட்பார்.

கடைசியாக, கோடம்பாக்கத்தோடு தேடலை நிறுத்திவிடுவது. வசந்தம் தொலைக்காட்சி நாடகங்களிலும் இங்குள்ள தமிழ் மேடைகளிலும் நீண்ட வசனத்தை ஒரே மூச்சில், கட் இல்லாமல் பேசும் பெண்கள் இருக்கிறார்கள். ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடக்கும்போது ஏதாவது ஒரு நாடகத்துக்குப் போய் உட்காருங்கள். உங்கள் பட்டியலில் புதிதாக ஒரு பெயரைச் சேர்த்துக்கொண்டு வரலாம்.