நேட்டாலுக்குப் போன பாட்டியின் வம்சாவளியைக் கண்டுபிடித்த விதம்

எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தங்கை ஒப்பந்தக் கூலியாகத் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார் என்பதைத் தவிர, ஊத்தங்கரைப் பக்கத்து எங்கள் குடும்பத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தபின் அதன் இடத்துக்கு வந்த இந்த ஒப்பந்த முறையில், 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு மட்டும் ஏறத்தாழ 1,52,000 பேர் சென்றார்கள்.

கப்பல் பட்டியல்களில், ஊத்தங்கரை இன்று இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பெயரைத் தேடிப் பயனில்லை. 1965இல் தருமபுரி மாவட்டம் பிரியும்வரை இப்பகுதி முழுவதும் சேலம் ஜில்லாவாகவே இருந்தது. ஆகவே சேலம் ஜில்லா, ஊத்தங்கரை தாலுகா என்று வட்டத்தைச் சுருக்கிக்கொண்டு, தந்தை பெயர், வயது, உடல் அடையாளம் ஆகிய கட்டங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஊர்ப் பெயரை எழுத்தர் அடையாளம் தெரியாதபடி எழுதியிருந்தார். ஆனால் நெற்றித் தழும்பு என்ற குறிப்பு, சிறு வயதில் அந்தப் பாட்டியின் நெற்றியில் உலக்கை பட்டதாக எங்கள் ஆயா சொல்லிவந்த கதையோடு அப்படியே பொருந்தியது.

சந்ததியைத் தேடுவோர் பெயரை நம்பக் கூடாது என்பது என் கருத்து, ஏனெனில் அங்கே தந்தையின் பெயரே குடும்பப் பெயராகி, ஒரே வீட்டுக் கிளைகள் வெவ்வேறு பெயர்களில் பிரிந்துவிட்டன. கூலியாகப் பதிந்தபோது பாட்டிக்குக் கொடுத்த எண்தான் (மனிதரை எண்ணாக்கிய கொடுமை இங்கே உதவியது!) திருமணப் பதிவிலும் பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலும் தொடர்ந்து வந்தது. அதைப் பிடித்து மகன் வழியை டர்பன் நகர்வரை கொண்டுவந்துவிட்டேன். மகள் வழிக்குத் திருமணப் பதிவு இன்னும் கிடைக்கவில்லை.