புதுப் பாத்திரத்து ஸ்டிக்கரும் நம் அவசரமும்

புதுப் பாத்திரத்தைப் பிரித்ததும் முதலில் கை போவது ஸ்டிக்கரின் மூலைக்குத்தான். நகத்தால் நெம்பி ஒரே இழுப்பு. மேலே இருக்கும் வழுவழுப்பான தாள் பாதியில் கிழிந்து கையோடு வரும். அடியில் வெள்ளையாக, பஞ்சு பிய்ந்த மாதிரி ஒரு படலம் பாத்திரத்திலேயே தங்கிவிடும். அதற்குப் பிறகு கம்பி ஸ்க்ரப்பர், கத்தி, கொதிநீர் என்று ஒவ்வொன்றாகப் போர் தொடங்கும்.

இத்தனைக்கும் அங்கே ஒட்டியிருப்பது இரண்டு பொருள்கள்: தாள் ஒன்று, பசை ஒன்று. தாள் தண்ணீரில் ஊறும், எண்ணெயில் கரையாது. பசை நேரெதிர். இரண்டையும் ஒரே அடியில் எடுக்கப் பார்ப்பதில்தான் முக்கால்வாசித் தவறுகள் பிறக்கின்றன.

ஸ்டிக்கர் பசை, நாம் தாள் ஒட்டும் கஞ்சிப் பசை மாதிரி காய்ந்து இறுகுவதில்லை. அழுத்தினாலே ஒட்டிக்கொள்ளும் ரகம் அது. பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது ரப்பர் வகை. 1935இல் அமெரிக்கரான ஸ்டான்டன் ஏவரி இப்படித் தானே ஒட்டும் லேபிளைத் தயாரிக்க ஆரம்பித்தார். அன்றிலிருந்து பாத்திரம் தேய்ப்பவர்களுக்கு ஒரு வேலை கூடிவிட்டது. இந்தப் பசை எத்தனை மாதம் ஆனாலும் பிசுபிசுப்பாகவே இருக்கும். சூடு பட்டால் இளகும். வேகமாக இழுத்தால் விறைத்துக்கொள்ளும், மெதுவாக இழுத்தால் விட்டுக்கொடுக்கும். வெடுக்கென்று இழுக்கும்போது தாள் கிழிவதற்குக் காரணம் இதுதான்: பசையின் பிடி தாளின் பலத்தை மிஞ்சிவிடுகிறது.

ஆகவே முதல் தவறு, குளிர்ந்த பாத்திரத்தில் உரிப்பது. ஸ்டிக்கர் வெளிப்பக்கம் இருந்தால் பாத்திரத்துக்குள் நல்ல சுடுநீரை ஊற்றி ஐந்து நிமிடம் வையுங்கள். உலோகம் சூட்டைக் கடத்திப் பின்னாலிருந்தே பசையை இளக்கிவிடும். ஹேர் டிரையர் இருந்தால் ஒரு நிமிடம் காட்டினாலும் போதும். அப்புறம் ஒரு மூலையை நகத்தால் தூக்கி, அதைப் பின்பக்கமாக மடித்து, பாத்திரத்தை ஒட்டினாற்போலவே மெல்ல இழுங்கள். எங்காவது கிழியப் பார்த்தால் நிறுத்திவிட்டு, மறுபடி சூடு காட்டுங்கள்.

சூடுதானே வேண்டும் என்று வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள். நான்ஸ்டிக் பூச்சு 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கெடத் தொடங்கும்; அதற்கு மேலும் ஏறினால் நச்சுப் புகை வரும். வெறும் சட்டி அந்தச் சூட்டை எட்ட அதிக நேரம் ஆகாது. கண்ணாடிப் பாத்திரத்தில் இன்னொரு ஆபத்து: குளிர்ந்த கண்ணாடியில் திடீரென்று கொதிநீர் பட்டால் விரிசல் விடலாம். அதற்கு வெதுவெதுப்பான நீர் போதும், கொஞ்சம் அதிக நேரம் ஊற வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது, ஸ்டிக்கரின் மேலேயே எண்ணெய் தடவிவிட்டுக் காத்திருப்பது. பிளாஸ்டிக் ஸ்டிக்கராக இருந்தால் ஒரு சொட்டு எண்ணெய்கூட உள்ளே இறங்காது. காகித ஸ்டிக்கரிலும் மேல்பூச்சு தடுத்துவிடும். முதலில் தாளை எடுங்கள். வராத காகிதத்தைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் விரலால் தேய்க்கும்போதே உருண்டு உருண்டு வரும். பசை மட்டும் மிஞ்சியதும், ஈரத்தைத் துடைத்துவிட்டு, ஏதாவது ஒரு சமையல் எண்ணெயைத் தடவிக் கால் மணி நேரம் விடுங்கள். எண்ணெய் பசைக்குள் ஊறி அதன் பிடியைத் தளர்த்தும். பிறகு பழைய துணியால் வழித்தெடுத்தால் சாம்பல் நிறத்தில் திரண்டு வரும். பார்க்கவே ஒரு திருப்தி!

இனி ஸ்க்ரப்பர் விஷயம். என் எவர்சில்வர் வாணலி ஒன்றின் பக்கவாட்டில், ஸ்டிக்கர் இருந்த அளவுக்கே ஒரு மங்கல் சதுரம் இன்றும் இருக்கிறது. பசை போய்விட்டது, கூடவே பளபளப்பும் போய்விட்டது. எவர்சில்வர் கெட்டியானதுதான், ஆனால் கம்பி நாரின் கீறல்கள் அதில் அப்படியே நிற்கும். இரும்பு நாராக இருந்தால் இன்னொரு வம்பு: அதன் துணுக்குகள் பரப்பில் தங்கித் துருப் புள்ளிகளாகும். பாத்திரமே துருப்பிடித்துவிட்டதென்று நினைத்துக்கொள்வோம். கத்தி முனையும் வேண்டாம். பழைய பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பு சுரண்டுவதற்கு அருமையாக உதவும். நான்ஸ்டிக்கில் அதுவும் வேண்டாம், துணியும் விரலும் மட்டும்.

சமையல் சோடாவையும் எண்ணெயையும் குழைத்துத் தேய்க்கும் வழி எவர்சில்வருக்குச் சரி. மெருகுக் கோடுகள் தெரிந்தால் அவை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். கண்ணாடி போலப் பளபளக்கும் பரப்பு என்றால் எவர்சில்வரிலும் தயங்குவது நல்லது. அலுமினியத்தில் இந்தச் சோடா கூடவே கூடாது, கறுத்துப்போகும். வார்ப்பிரும்பை ஊறப்போட்டால் துரு ஏறும். அதைச் சூடு காட்டி உரித்து, எண்ணெயால் துடைப்பதோடு முடித்துக்கொள்ளுங்கள். பிளீச்சிங் திரவத்தில் குளோரின் இருப்பதால் எவர்சில்வரிலேயே நுண்குழிகள் விழும். அது பசையையும் கரைக்காது, எதற்கு?

நெயில் பாலிஷ் ரிமூவர் பசையை நன்றாகவே கரைக்கும். ஆனால் அதில் அசிட்டோன் இருந்தால் பிளாஸ்டிக் கைப்பிடியையும் மூடியின் குமிழையும் சேர்த்துக் கரைத்துவிடலாம். பெட்ரோல், தின்னர் பக்கமே போக வேண்டாம். அடுப்பு இருக்கும் அறையில் அவற்றுக்கு வேலை இல்லை. கடைசியாக மிஞ்சும் மெல்லிய படலத்துக்கு, ஆல்கஹால் கலந்த சானிடைசரைத் துணியில் தொட்டுத் துடைக்கலாம். அதுவும் தீப்பற்றக்கூடியதுதான், அடுப்பு அணைந்திருக்கட்டும்.

அடிப்பக்க ஸ்டிக்கரைப் பார்க்காமலே சமைக்கத் தொடங்குவதும் நடக்கிறது. கருகிய தாளும் வெந்த பசையும் இறுகி ஒன்றாகிவிடும். இண்டக்‌ஷன் அடுப்பாக இருந்தால் அதன் கண்ணாடியிலும் கறை ஏறும். பசையை எண்ணெயால் எடுத்துவிட்டு அந்த எண்ணெயைக் கழுவாமல் விட்டாலும் இப்படித்தான். முதல் சூட்டிலேயே பழுப்புக் கறையாகப் படிந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் சுடுநீரும் கொண்டு இரண்டு முறை கழுவுங்கள். ஈரமாக இருக்கும்போது மிச்சப் பசை கைக்குத் தெரியாது. துடைத்து, நன்றாக உலரவிட்டு, அப்புறம் விரலால் தடவிப் பாருங்கள். இழுக்கிறதா? இன்னும் இரண்டு சொட்டு எண்ணெய்.