தால் டோக்ளி: துண்டுகள் ஒட்டாமல், மாவு வாடை இல்லாமல்

குஜராத்தி வீடுகளில் மதியம் மிஞ்சிய பருப்பு இரவில் தால் டோக்ளி ஆகிவிடும். புளிப்பும் இனிப்பும் சேர்ந்த துவரம்பருப்புக் குழம்பில் டோக்ளி எனப்படும் கோதுமை மாவுத் துண்டுகளை வேகவைப்பதுதான் இது. பருப்பு நீர்க்க இருந்து தளதளவென்று கொதித்தால் பாதி வேலை முடிந்தது.

இந்த அளவு மூன்று நான்கு பேருக்குப் போதும். 100 கிராம் துவரம்பருப்பை ஒன்றரை கப் தண்ணீர், கால் டீஸ்பூன் மஞ்சள்தூளுடன் குக்கரில் குழைய வேகவிடுங்கள். குஜராத்தில் விளக்கெண்ணெய் தடவிய பருப்பும் விற்கிறார்கள். அதுவானால் வெந்நீரில் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். 2 மேசைக்கரண்டி நிலக்கடலையைச் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு, அதே குக்கருக்குள் வைத்துவிடலாம்.

மாவுக்கு: ஒரு கப் கோதுமை மாவு, 2 டீஸ்பூன் எண்ணெய், அரை டீஸ்பூன் ஓமம், அரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், சிட்டிகை மஞ்சள்தூள், அரை டீஸ்பூன் உப்பு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து 15 நிமிடம் மூடி வையுங்கள். மாவு தளர்ந்தால் துண்டுகள் குழம்பில் கரைந்து கூழாகும்.

வெந்த பருப்பை மத்தால் நன்றாகக் கடைந்து 4 கப் வெந்நீர் ஊற்றுங்கள். ரசம் மாதிரி இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், டோக்ளி அத்தனையையும் உறிஞ்சிவிடும். நறுக்கிய தக்காளி ஒன்று, இஞ்சி, பச்சைமிளகாய், ஒரு டீஸ்பூன் மிளகாய்த்தூள், ஒரு டீஸ்பூன் தனியா-சீரகத் தூள், நிலக்கடலை, 4 கோகம் (புளிப்புக்குப் போடும் உலர்ந்த பழத்தோல்), 2 மேசைக்கரண்டி வெல்லம், உப்பு சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். கோகத்தைக் குக்கரிலேயே போட்டால் புளிப்பால் பருப்பு சரியாக வேகாது. கொடம்புளி கோகத்துக்கு உறவுதான், ஆனால் அதன் புகைவாசம் இங்கே பொருந்தாது. கோகம் இல்லையென்றால் கடைசியில் எலுமிச்சை பிழியலாம். வெல்லத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் இது வேறு குழம்பு.

தாளிப்பை இப்போதே கொட்டிவிடலாம்: 2 மேசைக்கரண்டி நெய்யில் கடுகு, சீரகம், கால் டீஸ்பூன் வெந்தயம், 2 கிராம்பு, சின்னத் துண்டு பட்டை, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். வெந்தயம் கருகினால் மொத்தமும் கசக்கும்.

மாவை மெல்லிய சப்பாத்திகளாகத் தேய்த்து டைமண்ட் துண்டுகளாக வெட்டுங்கள். தேய்க்கும்போது உலர்மாவு அதிகம் தொடக்கூடாது, அதுவே குழம்பைப் பசையாக்கும். தேய்த்த சப்பாத்தியைத் தவாவில் பக்கத்துக்குப் பத்து விநாடி காட்டி எடுத்து வெட்டினால் ஒட்டும் பயம் இன்னும் குறையும்.

குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, நடுநடுவே கிளறுங்கள். அள்ளிக் கொட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கொதி அடங்கியிருக்கும்போது போட்டால் அடியில் படிந்துவிடும். மிதமான தீயில் 10 முதல் 12 நிமிடம். ஒன்றைக் கிள்ளிப் பாருங்கள். நடுவில் வெள்ளையாகத் தெரிந்தால் இன்னும் வேக வேண்டும். வெல்லம் இருப்பதால் அடி பிடிக்கும், கனமான பாத்திரம் நல்லது.

இறக்கிய பிறகும் இறுகிக்கொண்டே போகும், ஆகவே கொஞ்சம் தளர்வாகவே இறக்கி, கொத்தமல்லி தூவி, மேலே நெய் விட்டு உடனே பரிமாறுங்கள். மிஞ்சியதை மறுபடி சூடாக்க அரை கப் வெந்நீராவது வேண்டும். உப்பையும் அப்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள்.