குளிர்காலமும் என் படகு எஞ்சினும்

போன குளிர்காலத்தில், படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினை அப்படியே மூடி வைத்துவிட்டேன். பனி விலகியதும் பார்த்தால் கியர் பெட்டியில் விரிசல். தண்ணீரைத் தடுக்க வேண்டிய ரப்பர் சீல் வழியே புகுந்த தண்ணீர் உறைந்து, சுமார் 9 சதவீதம் பெருத்து, உலோகத்தையே பிளந்திருந்தது. பெட்டியின் வெளிக்கூட்டை மட்டும் மாற்றினேன், சீலை விட்டுவிட்டேன். கஞ்சத்தனம்தான்.

இந்த முறை முதல் வேலையாகக் கியர் ஆயிலை வடித்தேன். பால் ஊற்றிய டீ நிறத்தில் வந்தது: இன்னும் தண்ணீர் புகுகிறது! சீலை மாற்றி, புது ஆயிலைக் கீழ்த் துளையிலிருந்து மேல் துளையில் வழியும்வரை ஏற்றினேன். மேலிருந்து ஊற்றினால் காற்று அடைத்துக்கொள்ளும்.

பெட்ரோல் கெடாமலிருக்க அதில் ஸ்டெபிலைசர் கலந்து, எஞ்சின் சூடாகாமலிருக்கத் தண்ணீர் ஹோஸ் மாட்டி 10 நிமிடம் ஓட்டினேன். கலவை கார்புரேட்டர்வரை போக வேண்டுமே. சிலிண்டர் உள்ளே துருப்பிடிக்காமலிருக்க ஃபாகிங் ஆயில். எஞ்சினை நிமிர்த்தியே வைத்தேன், மிச்சத் தண்ணீர் தானாக வடிந்தது.